மீட்டர் யார் பெயரில்?

தண்ணீர், மின்சாரம், ரயில், ஆஸ்பத்திரி எல்லாம் அரசாங்கத்திடம் இருக்க வேண்டுமா, தனியாரிடம் விட்டுவிடலாமா என்று 1980களில் கோலாலம்பூரில் பெரிய விவாதம் நடந்தது. பிரதமர் மகாதீர் 1983ல் தனியார்மயக் கொள்கையை அறிவித்திருந்தார். பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. நெகிரி செம்பிலான் மாநிலத்துத் தோட்டத் தமிழர்களிடம் யாரும் வந்து கருத்துக் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. கேட்டிருந்தால் சுவையான பதில் கிடைத்திருக்கும். ஏனென்றால் அவர்கள் அதற்கு முன்பே மூன்று தலைமுறையாகத் தனியார்மயத்தில்தான் குடியிருந்தார்கள். பிறந்தது கம்பெனி ஆஸ்பத்திரியில். தவழ்ந்தது கம்பெனியின் ஆயாக் கொட்டகையில். எழுத்துக் கற்றது கம்பெனி நிலத்துப் பள்ளிக்கூடத்தில். குடித்தது கம்பெனித் தண்ணீர். கடைசியில் எரிந்ததும் கம்பெனி ஒதுக்கிய சுடுகாட்டில்தான்.

கம்பெனிகள் இதையெல்லாம் தருமத்துக்காகச் செய்யவில்லை. ஆரம்ப காலத்தில் கித்தாக்காட்டில், அதாவது ரப்பர்த் தோட்டத்தில், மலேரியாவும் கொக்கிப்புழுவும் வயிற்றுப்போக்கும் ஆட்களை வாரிக்கொண்டு போயின. கப்பலில் கொண்டுவந்த ஆள் செத்துப்போனால் பால்மரம் வெட்ட ஆளில்லை. இந்தியாவிலிருந்தும் நெருக்குதல் வந்தது. 1922ல் இந்தியாவில் குடிபெயர்வுச் சட்டம் வந்தது, மறு ஆண்டே இந்திய அரசின் ஏஜென்ட் ஒருவர் மலாயாவில் வந்து உட்கார்ந்தார். அதே 1923ல் கூட்டு மலாய் மாநிலங்களின் தொழிலாளர் சட்டம், ஏழு வயதிலிருந்து பதினான்கு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருக்கும் தோட்டத்தில் பள்ளிக்கூடம் இருந்தாக வேண்டும் என்றது. வீடு, தண்ணீர், கக்கூஸ், ஆஸ்பத்திரி இவற்றுக்கும் விதிகள் இருந்தன. மேலோட்டமாகப் பார்த்தால் தொழிலாளிக்கு நல்ல காரியம். உள்ளே போய்ப் பார்த்தால், காலனி அரசு தான் செய்ய வேண்டிய வேலையைக் கம்பெனியிடம் தள்ளிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டது. தோட்டத்து வேலிக்கு உள்ளே இருப்பவன் குடிமகன் என்ற கணக்கில் வரமாட்டான், கம்பெனி ஆள் என்ற கணக்கில்தான் வருவான் என்பது அன்றைக்கே முடிவாகிவிட்டது.

ரயில் விஷயத்தில் மட்டும் கதை வேறு மாதிரிப் போனது. நெகிரி செம்பிலானுக்கு வந்த முதல் ரயிலே தனியாருடையது. சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் துறைமுகம் வரை சுமார் 39 கிலோமீட்டர் பாதையைச் சுங்கை ஊஜோங் ரயில்வே கம்பெனி போட்டு 1891ல் வண்டி விட்டது. முதலில் ஈயம் போனது, பிறகு கித்தா வந்தது. சிலியாவ் பக்கத்துத் தோட்டங்களுக்கு அந்தப் பாதைதான் வெளியுலகம். 1908ல் அரசாங்கம் அதை வாங்கிக்கொண்டது. 1992ல் மலேசிய அரசாங்கம் தன் ரயில் துறையைக் கம்பெனியாக மாற்றி கே.டி.எம். பெர்ஹாட் என்று பெயர் வைத்தது, பங்கு முழுவதும் அரசிடமே இருந்தது. 1995ல் கொமுட்டர் ரயில் சிரம்பான் வந்தபோது எல்லோரும் மகிழ்ந்தோம். போர்ட்டிக்சன் கிளையில் இப்போது ரயிலே ஓடுவதில்லை. தனியார் போட்டதை அரசு வாங்கி, அரசே அதைக் கம்பெனியாக்கி, அந்தக் கம்பெனி காலத்தில் வண்டி நின்றது. இதில் யார் குற்றவாளி என்று அரசுக் கட்சிக்காரரும் தனியார் கட்சிக்காரரும் ஆயுள் முழுக்க வாதாடலாம்.

மின்சாரத்துக்கு வருகிறேன். நான் வளர்ந்த தோட்டத்தில் இஞ்சின் ரூம் என்று ஒரு தகரக் கொட்டகை இருந்தது. உள்ளே டீசல் இஞ்சின். அந்தி மயங்கியதும் இஞ்சின்காரர் வந்து கைப்பிடியைச் சுற்றுவார். தோட்டம் முழுக்க அதன் சத்தம் கேட்கும், சத்தத்தோடு சேர்ந்து, தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்தில் பல்பு மஞ்சளாக எரியும். ஒரு வீட்டுக்கு இத்தனை பல்பு என்று கணக்கு. பிளக் பாயிண்ட் கிடையாது. பத்து மணி நெருங்கும்போது விளக்கு ஒரு தடவை மங்கி மறுபடி எரியும். பாத்திரம் கழுவுகிறவள் கழுவி முடிக்க வேண்டும், பாடம் படிக்கிற பிள்ளை பையைக் கட்ட வேண்டும், சீட்டாடுகிறவன் கடைசிக் கையை இறக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் இஞ்சின் நிற்கும். அப்புறம் மண்ணெண்ணெய் விளக்கு.

தீபாவளிக்கும் தோட்டத்துத் திருவிழாவுக்கும் விடிய விடியக் கரண்டு உண்டு. சாவு விழுந்தால் தோட்ட அலுவலகக் கிராணி வழியாகத் துரையிடம் கேட்டால் கிடைக்கும். கேட்டால் கிடைக்கும் என்பதுதான் இங்கே முக்கியம். வெள்ளைக்காரத் துரை போய் நம் நாட்டு மானேஜர் வந்த பிறகும் கேட்கிற பழக்கம் மாறவில்லை. நல்ல மானேஜர் இருந்த தோட்டத்தில் பிணத்துக்கு வெளிச்சம் கிடைத்தது. கிராணியோடு மனத்தாங்கல் உள்ள குடும்பமாக இருந்தால் பெட்ரோமாக்ஸ் வாடகைக்கு எடுக்க வேண்டியதுதான்.

டி.வி. வந்த பிறகு ஒரு வேடிக்கை. லயத்தில் பிளக் பாயிண்ட் இல்லாததால் கார் பேட்டரி வாங்கி அதில் டி.வி.யை மாட்டினார்கள். வாரத்துக்கு ஒரு தடவை பேட்டரியைச் சைக்கிள் கேரியரில் கட்டி டவுனுக்குக் கொண்டுபோய்ச் சீனர் கடையில் சார்ஜ் ஏற்றி வர வேண்டும். சனிக்கிழமை தமிழ்ப் படத்தில் கிளைமாக்ஸ் வரும் நேரம் பார்த்துத் திரை சுருங்கிக் கொண்டே போகும். நாயகன் வில்லனை ஜெயித்தானா இல்லையா என்று மறுநாள் காலை ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டில்தான் தெரியும். அதே சமயத்தில் தோட்டத்து வேலிக்கு வெளியே, கூப்பிடு தூரத்தில் இருந்த மலாய்க் கம்பத்தில், லெம்பாகா லெத்ரிக் நெகாரா என்ற தேசிய மின்வாரியத்தின் கம்பி இருபத்துநான்கு மணி நேரமும் ஓடிக்கொண்டிருந்தது. கிராமப்புற மேம்பாடு என்ற பெயரில் அரசாங்கம் சாலை போட்டது, மின்கம்பம் நட்டது, தண்ணீர்க் குழாய் இழுத்தது. தோட்டத்துக்கு மட்டும் வரவில்லை. தோட்டம் கிராமப்புறத்தில்தான் இருக்கிறது, ஆனால் தனியார் சொத்து. தனியார் சொத்துக்குள் அரசுப் பணத்தைப் போட முடியாது. நகரத்தானுக்கும் இல்லாமல் கிராமத்தானுக்கும் இல்லாமல், திட்ட ஆவணங்களில் இடமே இல்லாத ஒரு கூட்டமாகத் தோட்டத்து மக்கள் நின்றார்கள்.

தண்ணீர்க் கதையும் இதே ஜாடைதான். லயத்து முனையில் பொதுப் பைப்பு. காலையில் வேலைக்குப் போகும் முன் கொஞ்ச நேரம், பால் ஸ்டோரில் போட்டுவிட்டுத் திரும்பிய பிறகு கொஞ்ச நேரம். வாளிகள் வரிசையில் நிற்கும், வாளிக்குச் சொந்தக்காரி அடுப்படியில் இருப்பாள். குன்று மேல் தொட்டியிலிருந்தோ ஆற்றிலிருந்தோ பம்ப் பண்ணிய தண்ணீர். அடை மழை பெய்தால் தேத்தண்ணி நிறத்தில் வரும். அம்மா படிகாரக் கட்டியை வாளிக்குள் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுக் காத்திருப்பாள். அதே தொட்டியிலிருந்து துரை பங்களாவுக்குத் தனிக் குழாய் போனது, அதற்கு நேரம் காலம் கிடையாது. ஆனால் தண்ணீருக்குக் காசு வாங்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பில் என்ற ஒன்றை அந்தத் தலைமுறை பார்த்ததே இல்லை.

இன்னொரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். டிரசர். தோட்டத்து ஆஸ்பத்திரி உதவியாளரை அப்படித்தான் கூப்பிட்டோம். 1965ல் அவர்களைப் பதிவு செய்வதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. நடு ராத்திரியில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் டிரசர் வீட்டுக் கதவைத் தட்டலாம். மருந்துக்குக் காசில்லை. வெட்டுக்கத்தி காலில் பட்டால் தையல் போடுவார், பிரசவம் சிக்கலானால் தோட்டத்து வேனில் ஏற்றிச் சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். எல்லா வியாதிக்கும் ஒரே சிவப்புத் தண்ணீர் என்று கேலி செய்தாலும், டவுனில் இருந்த ஏழைக்கு வீட்டு வாசலில் இந்த வசதி கிடையாது. பெரிய கம்பெனிகளின் தோட்டங்களில் ஆயாக் கொட்டகை ஒழுங்காக நடந்தது, பிள்ளைகளுக்குப் பால் கலக்கிக் கொடுத்தார்கள். ‘கம்பெனிக் காலம் பொற்காலம்’ என்று சொல்லும் பெரியவர்களை இன்றும் பார்க்கிறேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் வேலையில் இருந்த வரைக்கும் அது உண்மை.

வேலை போன மறுநாள் என்ன ஆனது என்று கேட்க வேண்டும். ஐம்பத்தைந்தில் பென்ஷன் இல்லாமல் ஓய்வு. வீட்டில் ஒரு பிள்ளையாவது தோட்டத்து வேலைக்குப் போகாவிட்டால் காலி செய்ய வேண்டும். வீடு போனால் தண்ணீர் போகும், கரண்டு போகும், டிரசர் போவார், பிள்ளையின் பள்ளிக்கூடமும் போகும். ஒரே கயிற்றில் எல்லாக் குடமும் கட்டியிருந்தது, கயிற்றின் நுனி ஒருவர் கையில் இருந்தது. இதைச் சேவை என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. கூலியின் ஒரு பகுதியைக் காசாகக் கொடுக்காமல் தண்ணீராகவும் பல்பாகவும் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

இதை நெகிரி செம்பிலான் மக்கள் முதலில் பட்டுத் தெரிந்துகொண்டது 1950களில். சுதந்திரம் நெருங்கிய காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் சில, தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கிப் பலருக்கு விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் பத்திரிகைகள் அலறின. பொருளாதார அறிஞர் உங்கு அசிஸ் அதை விரிவாக ஆராய்ந்து, 1951க்கும் 1960க்கும் இடையில் நடந்த துண்டாடல் பற்றி அறிக்கை எழுதினார். ஐந்து ஏக்கர் பத்து ஏக்கர் என்று வாங்கியவன் பால்மரத்தை வாங்கினான், லயத்தை வாங்கவில்லை. பம்புக்கு டீசல் ஊற்றுவது யார்? ஆயாவுக்குச் சம்பளம் யார்? ஒரே நாளில் எல்லாம் யாருக்கும் சொந்தமில்லாமல் ஆயின. இந்த அதிர்ச்சியில்தான் ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன் 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளிகள் மாதாமாதம் சேர்த்த வெள்ளியில் தோட்டங்களை அவர்களே வாங்குவது என்று திட்டம். அரசும் இல்லை தனியாரும் இல்லை, மூன்றாவது வழி. நல்ல யோசனை. ஆனால் விற்பனைக்கு வந்த நிலப்பரப்பின் முன் அந்தக் காசு சிறியது.

பிறகு வந்தது 1981 செப்டம்பர் 7. லண்டன் பங்குச் சந்தை திறந்த சில மணி நேரத்துக்குள் பெர்மோடாலான் நேஷனல் என்ற மலேசிய அரசு சார்ந்த முதலீட்டு நிறுவனம் குத்ரி என்ற பெருந்தோட்டக் கம்பெனியைக் கைப்பற்றியது. காலனிக் கம்பெனியை நம் நாடு மீட்டது என்று கொடி பறந்தது, பெருமைப்பட வேண்டிய நாள்தான். அடுத்த ஆண்டு ஹாரிசன்ஸ் அண்டு கிராஸ்ஃபீல்டு தோட்டங்களும் மலேசியக் கைக்கு வந்தன, பிறகு கோல்டன் ஹோப் என்று பெயர் மாறின. 2007ல் சைம் டார்பி, குத்ரி, கோல்டன் ஹோப் ஆகிய மூன்று கம்பெனிகளும் ஒன்றாயின. 2024ல் தோட்டக் கம்பெனிக்கு எஸ்.டி. குத்ரி என்று பழைய பெயரே திரும்பி வந்தது. ஆக, இந்த மாநிலத்தின் பெருந்தோட்டங்களில் கணிசமானவை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அரசு சார்ந்த முதலீட்டின் கையில் இருக்கின்றன. லயத்துக்காரனுக்கு என்ன மாறியது? 1981 செப்டம்பர் 8ஆம் தேதி இஞ்சின் ரூம் வழக்கம்போல் அந்தியில் ஓடியது, பத்து மணிக்கு நின்றது. உடைமை லண்டனிலிருந்து கோலாலம்பூருக்கு வந்துவிட்டது, பைப்பு லயத்து முனையை விட்டு நகரவில்லை.

இலங்கை மலையகத்தாரைக் கேட்டால் இதைவிடக் கசப்பாகச் சொல்வார்கள். அங்கே 1972லும் 1975லும் வந்த நிலச் சீர்திருத்தத்தில் தேயிலைத் தோட்டங்களை அரசே எடுத்துக்கொண்டது. 1992ல் நிர்வாகத்தை மறுபடி பிராந்தியக் கம்பெனிகளிடம் கொடுத்தது, நிலம் அரசிடமே இருந்தது. தனியார், அரசு, மறுபடி தனியார். லயம் மட்டும் லயமாகவே இருந்தது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தில் இருந்த ஒரு பிரிவு, தோட்டத்துக்குள் உள்ளாட்சிப் பணத்தைச் செலவிடத் தடையாக இருந்தது, அதைத் திருத்த 2018 வரை ஆனது. நம்மிடம் சொன்ன அதே ‘தோட்டம் தனிச் சொத்து’ என்ற வாதம்தான். பங்குப் பத்திரம் யாரிடம் இருந்தாலும் இந்த வாதம் மட்டும் சாகவில்லை.

நம் கதையில் திருப்பம் 1990. அந்த ஆண்டுதான் தொழிலாளர் குறைந்தபட்ச வீடமைப்பு, வசதிகள் தரச் சட்டம், 446ஆம் சட்டம், இயற்றப்பட்டது. 1966ன் பழைய சட்டத்தைவிட இது பல் உள்ளது. பொதுக் குழாயிலிருந்து இலவசமாகவும் போதிய அளவிலும் தண்ணீர் தர வேண்டும், போதிய மின்சாரம் தர வேண்டும், நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் ஆயாக் கொட்டகை வேண்டும் என்று முதலாளியின் கடமையாகவே எழுதியது. வேலிக்கு வெளியே ஓடிய கம்பி ஒருவழியாக உள்ளே வரப்போகிறது. ஆனால் கம்பி உள்ளே வரும் நேரத்தில் அந்தக் கம்பியின் சொந்தக்காரர் மாறிவிட்டார். 1949ல் மத்திய மின்சார வாரியமாகப் பிறந்து 1965ல் தேசிய மின்வாரியம் ஆன அமைப்பு, 1990 செப்டம்பர் 1 அன்று தெனாகா நேஷனல் பெர்ஹாட் என்ற கம்பெனியானது, 1992ல் பங்குச் சந்தைக்கும் போனது. டெலிகாம் 1987லேயே கம்பெனி ஆகிவிட்டது. அரசாங்கம் தோட்டத்து வாசலுக்கு வந்து சேர்வதற்குள் தானே கம்பெனியாகிவிட்டது. 1996 ஆகஸ்ட் 3 அன்று தீபகற்பம் முழுவதும் கரண்டு போனபோது பட்டணம் திண்டாடியது. எங்கள் பக்கத்தில் மண்ணெண்ணெய் விளக்கு எந்த மூலையில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சரி, தெனாகா கம்பெனி ஆனதால் தோட்டத்து ஆள் கெட்டுப்போனானா? என் பதில் பலருக்குப் பிடிக்காது. கெட்டுப்போகவில்லை, நன்றாகவே ஆனான். கித்தா போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் விற்கப்பட்டு, நீலாய், லாபு, செண்டாயான் என்று தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகள் முளைத்த காலத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் லயத்தை விட்டு மலிவு விலை வீட்டுக்கு வந்தன. அங்கே வாசல் சுவரில் ஒரு மின்மீட்டர், வேலியோரம் ஒரு தண்ணீர் மீட்டர். பால்மரம் வெட்டி ஓய்ந்த ஓர் அக்கா, தாமானுக்கு வந்த புதிதில் கரண்டு பில்லைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: “தம்பி, என் பேர அச்சடிச்சி வந்திருக்கு பாரு. இருபது வெள்ளி கட்டணும். கட்டுறேன். ஆனா ராத்திரி பத்து மணிக்கு எவனும் அமத்த முடியாதுல்ல?”

அந்தக் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. தெனாகா பங்கு எந்த நிதியத்திடம் எத்தனை சதவீதம் என்று அக்காவுக்குத் தெரியாது, தெரிந்து ஆகப்போவதும் இல்லை. அவர் பெயரில் கணக்கு இருக்கிறது. புகார் செய்ய எண் இருக்கிறது. கட்டணத்தை அரசு ஒழுங்குபடுத்துகிறது, ஏற்றினால் அமைச்சர் பதில் சொல்ல வேண்டும், ஓட்டுப் பயமும் இருக்கிறது. 2008 அக்டோபர் முதல், மாதம் இருபது வெள்ளிக்குள் மின்சாரம் பயன்படுத்தும் வீடுகளுக்குக் கட்டணம் வேண்டாம் என்று அரசு அறிவித்தபோது அது தெனாகாவில் கணக்கு வைத்திருந்த வீட்டுக்காரருக்குப் போய்ச் சேர்ந்தது. தோட்டம் முழுவதற்கும் ஒரே மீட்டர், அதுவும் கம்பெனி பெயரில் இருக்கும் இடத்தில் லயத்து வீடு ஒரு பயனீட்டாளர் என்று எந்தக் கணக்கில் வரும்? குடிமகனுக்கு வருகிற சலுகை மீட்டர் வழியாக வருகிறது.

தண்ணீரிலும் நெகிரி செம்பிலானுக்கு ஒரு நல்ல கதை உண்டு. பக்கத்துச் சிலாங்கூரில் தண்ணீரைத் தனியார் சலுகைக் கம்பெனிகளிடம் கொடுத்து, பிறகு அதைத் திரும்ப வாங்க மாநில அரசு பத்து ஆண்டுக்கு மேல் மல்லுக்கட்டியது. வாங்கியும் தீர்த்தது, இன்று ஆயர் சிலாங்கூர் என்ற பெயரில் ஓடுகிறது. கழிவுநீரை 1990களின் தொடக்கத்தில் இண்டா வாட்டர் என்ற தனியாரிடம் கொடுத்து, மக்கள் பில்லைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போக, 2000ல் நிதியமைச்சே எடுத்துக்கொண்டது. தண்ணீரில் நம் மாநிலம் அந்தச் சுற்றுக்குள் போகவில்லை. நீர்வழங்கல் துறையாக இருந்ததை 2009 ஜனவரி 1 முதல் ஸ்யாரிக்காட் ஆயர் நெகிரி செம்பிலான், சுருக்கமாக சைன்ஸ், என்ற கம்பெனியாக்கியது. உடைமை மாநில அரசிடம். பெரிய குழாய், சுத்திகரிப்பு நிலையம் போன்றவற்றுக்கான முதலீடு கூட்டரசின் நீர்ச் சொத்து நிறுவனம் வழியாக வருகிறது. பெயர் கம்பெனி, உடல் அரசு. குழாயில் காற்று வரும் நாளில் திட்டத்தான் செய்கிறோம். 2024 பிப்ரவரியில் தீபகற்பத்தில் கன மீட்டருக்குச் சராசரி 22 சென் ஏறியபோதும் திட்டினோம். திட்ட ஒரு முகவரி இருப்பதே முன்னேற்றம் என்பேன்.

இவ்வளவு சொன்னதால் நான் தனியார்மயத்துக்கு வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். பில் கட்டுகிறவர் பக்கம் இருந்து பார்த்தால் ஒரு தோற்றம். சேவையில் வேலை செய்கிறவர் பக்கம் போனால் ரத்தம் கொதிக்கும். 1996ல் அரசு ஆஸ்பத்திரிகளின் துப்புரவு, சலவை, பராமரிப்பு வேலைகளை மூன்று கம்பெனிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். நெகிரி செம்பிலான், மலாக்கா, ஜொகூர் மூன்றும் ஒரு பகுதி. அதற்கு முன் ஆஸ்பத்திரி கூட்டுகிறவர் அரசு ஊழியர். வேலை நிரந்தரம், ஓய்வூதியம், வருடச் சம்பள உயர்வு எல்லாம் உண்டு. தோட்டத்திலிருந்து தப்பித்து டவுனுக்கு வந்த எங்கள் ஆட்களுக்கு அந்த வேலைதான் முதல் ஏணிப்படி. அதைப் பிடித்து ஏறித்தான் பிள்ளையை ஆசிரியராக்கினார்கள், கிளார்க்காக்கினார்கள். 1996க்குப் பிறகு வந்தவருக்கு அந்தப் படி இல்லை. குத்தகை கைமாறும்போதெல்லாம் அதே வார்டைக் கூட்டும் அதே பெண் புது ஆளாகிறார், சேவைக்கால விடுப்பு பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. இதைத் தட்டிக்கேட்டுத்தான் 2020 ஜூன் 2 அன்று ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி வாசலில் தொழிற்சங்கத்தார் மறியல் செய்தார்கள். கொரோனா காலத்தில் முன்களப் பணியாளர் என்று கைதட்டிய அதே நாட்டில் ஐந்து பேரைக் கைது செய்தார்கள். தோட்டத்துத் தாத்தா கங்காணிக்குக் கீழே வேலை செய்தார். பேத்தி குத்தகைக்காரருக்குக் கீழே வேலை செய்கிறார். நடுவில் ஒரே ஒரு தலைமுறை மட்டும் அரசாங்கச் சம்பளம் பார்த்தது.

ஆஸ்பத்திரிக்கு நோயாளியாகப் போனால் இன்றும் நிலைமை நன்றாகவே இருக்கிறது. அரசு கிளினிக்கில் ஒரு வெள்ளி கொடுத்தால் டாக்டர், மருந்து எல்லாம் முடிந்துவிடும். ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளி சர்க்கரை மாத்திரையும் ரத்த அழுத்த மாத்திரையும் அங்கேதான் வாங்குகிறார். வரிசையில் பாதி நாள் போகும். ஆனால் அங்கே யாரும் ‘எந்தத் தோட்டத்து ஆள் நீ’ என்று கேட்பதில்லை, அடையாள அட்டை போதும். இந்த ஒரு வெள்ளிக் கிளினிக்கில் யாராவது கை வைத்தால் நான் தெருவில் இறங்குவேன்.

பள்ளிக்கூடத்தில்தான் பழைய முடிச்சு இன்னும் அவிழவில்லை. நெகிரி செம்பிலானில் 61 தமிழ்ப்பள்ளிகள். லாடாங் பிராட்வால், லாடாங் சுவா பெத்தோங், லாடாங் ஜெராம் பாடாங், லாடாங் கெட்டஸ், லாடாங் ரீஜன்ட் என்று பெயர்ப் பலகைகளில் இன்னும் தோட்டம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆசிரியர் சம்பளம் அரசாங்கம் கொடுக்கிறது, பாடத்திட்டம் அரசாங்கத்துடையது, சோதனை அரசாங்கத்துடையது. ஆனால் பள்ளி நிற்கும் நிலம் தோட்டக் கம்பெனியுடையதாக இருந்தால் அது முழு உதவிப் பள்ளி ஆகாது, பகுதி உதவிதான். ஒரு கழிவறை கட்ட வேண்டுமென்றாலும் வாரியத்தார் நன்கொடைச் சீட்டு அடிக்க வேண்டும், அமைச்சின் தனி மானியத்துக்கு நடையாய் நடக்க வேண்டும், நிலக்காரரின் சம்மதமும் வேண்டும். 1923ல் கம்பெனி தலையில் கட்டிய பள்ளியை நூறு ஆண்டு கழித்தும் அரசு முழுசாக இறக்கி வைத்துக்கொள்ளவில்லை. தோட்டத்தில் பிள்ளைகள் இல்லை, தாமானில் பள்ளி இல்லை. வேனில் ஏற்றிச் செம்பனைக் காட்டுக்குள் பிள்ளைகளைக் கொண்டுபோகிற காட்சியை இந்த மாநிலத்தில் காலை ஆறரை மணிக்குச் சாலையோரம் நின்றால் பார்க்கலாம்.

இன்றைய லயத்தில் யார் இருக்கிறார்கள்? பெரும்பாலும் வங்காளதேசத்துக்காரர்கள், இந்தோனேசியர்கள். சைன்ஸ் தண்ணீர் வருகிறது, தெனாகா கரண்டு இருக்கிறது, எல்லாம் கம்பெனி கணக்கில். வேலை பர்மிட் முடிந்தால் விளக்கும் தண்ணீரும் முடியும். எங்கள் பாட்டன் இருந்த அதே நிலை, குடியுரிமை என்ற நம்பிக்கைகூட இல்லாமல். 446ஆம் சட்டத்தை 2019ல் திருத்தி, 2020 ஜூன் 1 முதல் தோட்டத்தைத் தாண்டி எல்லாத் துறை முதலாளிகளுக்கும் விரிவாக்கினார்கள். தொழிற்சாலை விடுதிகளும் இப்போது அந்தச் சட்டத்துக்குள். தோட்டத்துத் தமிழன் பட்ட பாட்டில் பிறந்த சட்டம் இன்னொரு நாட்டுத் தொழிலாளியின் கூரையைக் காக்கிறது என்றால் நமக்குப் பெருமைதான். காக்கிறதா என்று போய்ப் பார்க்கும் அதிகாரிகள் போதுமா என்பது வேறு கேள்வி.

அவர்களுக்கு நடுவில், போக இடமில்லாமல் லயத்திலேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களும் அங்கங்கே உண்டு. ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகியும் தோட்டம் காலி செய்யச் சொல்லாததால் இருக்கிறார்கள், சொன்னால் போக வேண்டும். தங்கள் பெயரில் மீட்டர் வேண்டும் என்று அவர்கள் கேட்டால் நிலத்துக்காரரின் சம்மதக் கடிதம் எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள். மலேசியா விஷன் வேலி என்று சிரம்பானும் போர்ட்டிக்சனும் சேர்ந்த பெரிய வளர்ச்சித் திட்டம் ஒன்று இருக்கிறது. அதில் வரும் நிலத்தில் எவ்வளவு செம்பனை, எவ்வளவு பழைய லயம் என்பதல்ல என் கேள்வி. அந்த நிலத்தில் குடியிருக்கும் கடைசி லயத்துக் குடும்பம் வரை, கட்டுமானம் தொடங்கும் முன்பே வீடும் அதன் வாசலில் அவர்கள் பெயரில் இரண்டு மீட்டரும் கிடைக்க வேண்டும். அடுத்த தேர்தலில் உங்கள் தாமானுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், இதை எழுத்தில் தருவீர்களா என்று கேளுங்கள்.